கெர்னல் நினைவகத்தில் கை வைத்தது யார்?

கெர்னல் கிராஷில் நல்லது, கெட்டது என்று இரண்டு ரகம் உண்டு. நல்ல ரகம் எத்தனை தடவை விழுந்தாலும் ஒரே ஃபங்ஷனில், ஒரே வரியில்தான் விழும். அந்த வரியைத் திறந்து பார்த்தால் பாயின்டரைச் சரிபார்க்காமல் விட்டிருப்பார்கள். டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும் வேலை. கெட்ட ரகம் அப்படியில்லை. இன்றைக்கு ஃபைல் சிஸ்டத்தில் விழும், நாளைக்கு நெட்வொர்க்கில் விழும், அதற்கடுத்த நாள் மெஷின் சும்மா கிடக்கும்போது விழும். விழுந்த இடத்துக் கோடை எத்தனை முறை படித்தாலும் அதில் குற்றம் இருக்காது. வேறு யாரோ, எப்போதோ, தனக்குச் சொந்தமில்லாத இடத்தில் எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். மெமரி கரப்ஷன் என்பது இதுதான்.

சாதாரண புரோகிராம் ஒன்று இப்படித் தறிகெட்டு எழுதினால் அதுமட்டும் சாகும். அதன் முகவரிகள் அதற்கு மட்டுமே சொந்தம். கெர்னலுக்குள் அந்தத் தடுப்புச்சுவர் கிடையாது. மோடம் டிரைவரும் ஃபைல் சிஸ்டமும் நெட்வொர்க்கும் ஒரே முகவரி வெளியில் குடித்தனம் நடத்துகின்றன. மோடம் டிரைவர் செய்த தப்புக்கு ஃபைல் சிஸ்டம் உயிரை விடும்.

எங்கள் நாமக்கல்லில் இதை யாருக்கும் விளக்கிவிடலாம். தொப்பூர் இறக்கத்தில் பிரேக் போன லாரிக்கு, தொப்பூர் ரோட்டைத் தோண்டி யாரும் காரணம் தேடுவதில்லை. கடைசியாகச் சக்கரத்தைக் கழற்றிய பட்டறை எது என்றுதான் கேட்பார்கள். கெர்னலிலும் கேட்க வேண்டிய கேள்வி அதேதான். ஆனால் நம்மில் பலர் விழுந்த இடத்து ஸ்டாக் ட்ரேஸைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டைத்தான் தோண்டிக்கொண்டிருக்கிறோம்.

நான் இங்கே உட்கார்ந்துகொண்டு, வண்டிகளில் பொருத்தும் ட்ராக்கிங் கருவிகளுக்கு லினக்ஸ் வேலை பார்க்கிறவன். லாரிக்கும் டேங்கருக்கும் பஞ்சமில்லாத ஊர், அதனால் சோதனைக் களத்துக்கு வெளியூர் போக வேண்டியதில்லை. அப்படி ஒரு கருவி அவ்வப்போது தானாக ரீபூட் ஆகிறது என்று புகார் வந்தது. ஏஆர்எம் போர்டு, 32 பிட், பழைய கெர்னல், யுஎஸ்பியில் ஒரு மோடம். மோடத்தின் டிரைவர் மெயின்லைனில் இல்லாதது, போர்டோடு சேர்ந்து வந்தது. யார் கொடுத்தது என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை.

போர்டில் ராமூப்ஸ் வசதி ஏற்கெனவே போட்டிருந்தது புண்ணியம். ரேமில் ஒரு சின்ன துண்டை ஒதுக்கி வைத்து, கெர்னல் சாகும்போது கடைசி வார்த்தைகளை அங்கே எழுதிவைக்கும் ஏற்பாடு அது. மின்சாரம் முழுக்கப் போகாமல் ரீபூட் ஆனால், அடுத்த பூட்டில் எடுத்துப் படிக்கலாம். பல வண்டிகளிலிருந்து அந்த லாகுகளை வாங்கி அடுக்கிப் பார்த்தேன். ஒன்றில் எக்ஸ்ட்4, ஒன்றில் டிசிபி, ஒன்றில் டைமர். ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சில லாகுகளில் மட்டும் ஒரு விசித்திரம். நான்கால் வகுபட வேண்டிய பாயின்டர் மதிப்பு சரியாக ஒன்று குறைந்து, ஒற்றைப்படை எண்ணாக இருந்தது.

துப்பு கிடைத்தது லாகில் இல்லை, ஓட்டுநர் அண்ணன் ஒருவரிடம்.

“தம்பி, ஓடும்போதெல்லாம் அது ஒண்ணும் ஆகறதில்லீங்க. காலங்காத்தால செல்ப் அடிக்கறப்பத்தான் உங்க பொட்டி உசிர விடுது.”

“தினமுமாங்கண்ணா?”

“தினமும் இல்லீங்க. பேட்டரி கொஞ்சம் டவுனா இருந்துச்சுன்னா கண்டிப்பா போகுது.”

செல்ஃப் அடிக்கும்போது ஸ்டார்ட்டர் மோட்டார் இழுக்கிற இழுப்பில் 24 வோல்ட் சப்ளை சட்டென்று கீழே இறங்கும். போர்டு தாங்கிக்கொள்ளும், மோடம் தாங்காது. யுஎஸ்பியிலிருந்து அறுந்து, மறுபடி வந்து ஒட்டும். அப்படியானால் தேட வேண்டிய இடம், மோடம் அறுந்து போகும்போது டிரைவர் செய்யும் துப்புரவு வேலை. இது அனுமானம்தான். அனுமானத்தை வைத்துக்கொண்டு கோடில் கை வைக்கக்கூடாது. ஆதாரம் வேண்டும்.

முதல் ஆதாரத்தை, கெர்னலுக்குள் நினைவகத்தைப் பங்கிடும் ஸ்லப் அலகேட்டரே கொடுக்கும். கெர்னல் பூட் வரியில் ஸ்லப் டீபக் ஆப்ஷனை எஃப், ஸெட், பி, யு என்ற நான்கு எழுத்துகளோடு சேர்த்தால் போதும். கெர்னல் விடுவிக்கும் ஒவ்வொரு நினைவகத் துண்டையும் விஷம் வைத்தது போல ஒரு குறிப்பிட்ட பைட்டால் நிரப்பிவிடும். பதினாறடிமான எண்ணில் அது 6பி. துண்டின் கடைசி பைட் மட்டும் ஏ5. டம்பின் வலது ஓரத்தில் எழுத்து வடிவத்தில் பார்த்தால் ஆங்கிலச் சின்ன ‘கே’ வரிசையாக நிற்கும். அந்தத் துண்டை அடுத்த ஆளுக்கு ஒதுக்கும்போது 6பி எல்லாம் அப்படியே இருக்கிறதா என்று கெர்னல் எண்ணிப் பார்க்கும். கலைந்திருந்தால், விஷம் அழிக்கப்பட்டிருக்கிறது என்று கூச்சல் போடும். கூடவே அந்தத் துண்டைக் கடைசியாக யார் வாங்கினார், யார் விடுவித்தார் என்ற இரண்டு ஸ்டாக் ட்ரேஸையும் கொடுக்கும்.

எங்களுக்குக் கிடைத்த டம்பில் வரிசையாக 6பி, 6பி, 6பி. நடுவில் ஒரே ஒரு இடத்தில் 6ஏ. மறுபடி 6பி, 6பி.

அந்த ஒரு பைட்டைப் பார்த்து நிறைய யோசிக்கலாம். 6பிக்கும் 6ஏவுக்கும் ஒரே ஒரு பிட்தான் வித்தியாசம். மெமரி சிப்பே கெட்டுப்போய் ஒரு பிட் புரண்டிருக்கலாம் என்று சந்தேகப்படுவது நியாயம். ஆனால் சிப் கெட்டிருந்தால் ஒவ்வொரு போர்டிலும் வெவ்வேறு இடத்தில் புரள வேண்டும். இங்கே எல்லா போர்டிலும் துண்டின் தொடக்கத்திலிருந்து அதே தூரத்தில், அதே 6ஏ. நான்கு பைட் எண்ணாகச் சேர்த்துப் பார்த்தால் ஒன்று குறைந்திருக்கிறது. ஆக, யாரோ விடுவித்த பிறகும் அந்தத் துண்டில் இருந்த ஒரு கவுன்டரை ஒன்று குறைத்திருக்கிறார்கள். முன்னே லாகுகளில் ஒன்று குறைந்து நின்ற பாயின்டர்களுக்கும் அப்போது அர்த்தம் புரிந்தது. டீபக் ஆப்ஷன் இல்லாத நாளில் அந்தத் துண்டு கை மாறி வேறு யாரிடமோ போயிருக்கும். கவுன்டர் இருந்த இடத்தில் அவர்களுடைய பாயின்டர் உட்கார்ந்திருக்கும். அதைத்தான் ஒன்று குறைத்துவிட்டார்கள்.

விடுவித்தவர் யார் என்று ட்ரேஸ் சொல்லிவிட்டது. மோடம் டிரைவரின் டிஸ்கனெக்ட் ஃபங்ஷன். விடுவித்த பிறகு எழுதியவர் யார் என்று அது சொல்லாது. அதற்குத்தான் டீபக்கர்.

யுஎஸ்பி டிரைவர் என்பதால் ஒரு வசதி. அதே கோடை லேப்டாப்பில் கியூஎமு மெய்நிகர் இயந்திரத்துக்குள் ஓட்டலாம், நிஜ மோடத்தையே அதற்குள் கொடுக்கலாம். கியூஎமுவுக்குள் ஜிடிபி என்ற டீபக்கருக்கான வாசல் ஒன்று உண்டு. ஒரு சின்ன ஆப்ஷன் கொடுத்தால் 1234ஆம் போர்ட்டில் காத்திருக்கும். வெளியிலிருந்து ஜிடிபி போய் ஒட்டிக்கொள்ளும். ஒரு எச்சரிக்கை: ஒவ்வொரு பூட்டிலும் முகவரிகளைக் கலைத்துப் போடும் கேஏஎஸ்எல்ஆர் வசதியை அணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் நீங்கள் வைத்த பிரேக்பாயின்ட் வேறெங்கோ போய் உட்கார்ந்திருக்கும், அது ஏன் அடிக்கவில்லை என்று மண்டையை உடைத்துக்கொண்டிருப்பீர்கள்.

ஒரு முகவரியில் யார் எழுதினாலும் அங்கேயே நிறுத்திக் காட்டுவது வாட்ச்பாயின்ட். விடுவித்த துண்டின் மேல் அதை வைப்பதில் ஒரு தொல்லை உண்டு. ஸ்லப் அலகேட்டர் கடைசியாக வந்த துண்டைத்தான் முதலில் எடுத்துக் கொடுக்கும். கண் மூடித் திறப்பதற்குள் அது வேறொருவருக்குப் போய்விடும். அவர் நியாயமாக எழுதும் ஒவ்வொரு எழுத்துக்கும் வாட்ச்பாயின்ட் அடித்துக்கொண்டே இருக்கும். இதற்குப் பழைய தந்திரம் ஒன்று இருக்கிறது. டிஸ்கனெக்ட் ஃபங்ஷனில் கேஃப்ரீ அழைப்பை மட்டும் கமென்ட் செய்துவிடுங்கள். துண்டு விடுவிக்கப்படாமல் அநாதையாகக் கிடக்கும். நினைவகம் கொஞ்சம் வீணாகும், சோதனைக்குப் பரவாயில்லை. இனி அந்த இடத்தில் எழுத உலகத்தில் ஒருவருக்கும் உரிமை இல்லை. எழுதுகிறவர் எவரோ அவரே குற்றவாளி.

டிஸ்கனெக்ட் ஃபங்ஷனின் முடிவில் பிரேக்பாயின்ட். அங்கே நின்றதும் அந்தக் கவுன்டரின் முகவரி மேல் வாட்ச். பிறகு கன்டினியூ. கியூஎமு மானிட்டரிலிருந்து மோடத்தைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினோம். சில தடவை ஒன்றும் நடக்கவில்லை. பிறகு நின்றது.

ஹார்ட்வேர் வாட்ச்பாயின்ட் 2. பழைய மதிப்பு 5. புதிய மதிப்பு 4.

ஸ்டாக்கைக் கேட்டால் அடியில் கெர்னலின் வொர்க்கர் த்ரெட், அதன் மேல் டிரைவரின் ஒரு வொர்க் ஃபங்ஷன். மோடத்துக்கு ஒரு கட்டளை அனுப்பி, பதில் வரும்வரை தூங்கி, பதில் வராவிட்டால் மீதமுள்ள முயற்சிகளின் எண்ணிக்கையை ஒன்று குறைப்பது அதன் வேலை. மோடம் அறுந்தபோது அது தூக்கத்தில் இருந்திருக்கிறது. டிஸ்கனெக்ட் ஃபங்ஷன் அந்த வொர்க்கை கேன்சல் செய்யத்தான் செய்தது. ஆனால் வெறும் கேன்சல், வரிசையில் காத்திருக்கும் வேலையை மட்டும்தான் எடுத்துப்போடும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதை அது தொடாது. அது முடியும்வரை காத்திருக்க, பெயரின் கடைசியில் சிங்க் என்று முடியும் இன்னொரு ஃபங்ஷன் இருக்கிறது. அதை அழைக்காமல் விட்டிருந்தார்கள். திருத்தம் ஒரே வரி.

கேசான் போட்டிருந்தால் இவ்வளவு பாடு எதற்கு என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2015இல் லினக்ஸ் 4.0இல் வந்த கேசான், ஒவ்வொரு 8 பைட்டுக்கும் ஒரு பைட் நிழல் கணக்கு வைத்து, விடுவித்த இடத்தைத் தொட்ட கணத்திலேயே பிடித்துவிடும். 32 பிட் ஏஆர்எம்முக்கு அது வந்ததே 2021இல், 5.11 கெர்னலில்தான். எங்கள் போர்டின் கெர்னல் அதற்கு முந்தையது. கியூஎமுவில் பிறகு கேசானோடும் ஓட்டிப் பார்த்தோம், அதே ஃபங்ஷனைத்தான் அதுவும் காட்டியது. இரண்டு சாட்சி ஒரே பெயரைச் சொன்னால் நிம்மதி.

ஆனால் கேசான் இருக்கும்போது டீபக்கர் எதற்கு என்று நினைப்பவர்கள் 2008இல் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். லினக்ஸ் 2.6.27 சோதனைப் பதிப்புகளை ஓட்டியவர்களில் சிலருக்கு இன்டெல் நெட்வொர்க் கார்டு நிரந்தரமாகச் செத்துப்போனது. ரீபூட் செய்தாலும், பழைய கெர்னலுக்குத் திரும்பினாலும் பிழைக்கவில்லை. கார்டின் அமைப்புகளைச் சேமித்து வைத்திருக்கும் நிலை நினைவகமே சிதைந்திருந்தது. எல்லார் விரலும் அந்தக் கார்டின் இ1000இ டிரைவரைத்தான் காட்டியது. கொஞ்சம் பேர் எக்ஸ் சர்வரைக் காட்டினார்கள். ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு கார்டைப் பலி கொடுக்கத் தயாராக இருக்க வேண்டும் என்ற நிலையில் தேடுவதும் சுலபமாக இல்லை. முதலில் அந்த நினைவகத்தில் யாரும் எழுத முடியாதபடி பூட்டுப் போட்டார்கள்.

கடைசியில் பிடிபட்டது எஃப்ட்ரேஸ். நெட்வொர்க்குக்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. கெர்னல் ஃபங்ஷன்கள் ஓடுவதைத் தடம் பிடிக்க ஸ்டீவன் ராஸ்டெட் எழுதிய கருவி அது. தடம் பிடிக்க வேண்டிய இடங்களின் முகவரிகளை முதலில் குறித்துக்கொண்டு, பிறகு சாவகாசமாகப் போய் அந்த இடங்களில் கோடை மாற்றும். இடையில் மாட்யூலின் தொடக்கக் கோடு வேலை முடிந்து விடுவிக்கப்பட்டுவிடும். அதே முகவரியில் கார்டின் நினைவகம் வந்து குடியேறிவிடும். எஃப்ட்ரேஸ் ஜாக்கிரதையாகத்தான் எழுதியது. அங்கே தான் எதிர்பார்த்த பைட்டுகள் இருந்தால் மட்டும் மாற்று என்று சொல்லும் ஒப்பிட்டு மாற்றும் கட்டளையைப் பயன்படுத்தியது. ஆனால் எக்ஸ்86 சிப்பில் அந்தக் கட்டளை, ஒப்பீடு தோற்றாலும் பழைய மதிப்பையே திரும்ப எழுதும். சாதாரண ரேமில் அதனால் ஒன்றும் ஆகாது. ஒரு சாதனத்தின் நினைவகத்தில் அந்த எழுத்து என்னென்னவோ செய்யும். 2008 அக்டோபரில் வந்த 2.6.27.1இல் எஃப்ட்ரேஸின் அந்தப் பகுதியை அணைத்தார்கள். இங்கே எழுதப்பட்ட முகவரி விடுவித்த முகவரி அல்ல, முறைப்படி செல்லுபடியான முகவரி. இந்த மாதிரி இடத்தில் நிழல் கணக்கு உதவாது. இந்த முகவரியில் எழுதுவது யார் என்று காவல் வைத்துத்தான் பிடிக்க வேண்டும்.

அந்தக் காவலைக் கெர்னலுக்குள்ளேயே முறையாகக் கொண்டுவந்ததில் நம் பக்கத்து ஆட்களின் கை இருக்கிறது. இதைப் பலர் அறியாமலே இருக்கிறார்கள்.

1985இல் வந்த இன்டெல் 386 சிப்பிலேயே டீபக் ரெஜிஸ்டர்கள் இருந்தன. நான்கு முகவரிகளை அதில் எழுதி வைத்தால், அங்கே யார் எழுதினாலும் சிப்பே நிறுத்திச் சொல்லும். ஆனால் லினக்ஸில் அந்த நான்கையும் பங்கு போட ஒழுங்கான ஏற்பாடு இல்லை. சாதாரண புரோகிராமை ஆராயும் ஜிடிபியும் கெர்னலை ஆராயும் டீபக்கரும் ஒரே ரெஜிஸ்டருக்கு அடித்துக்கொள்ளும் நிலை. ஆலன் ஸ்டெர்ன் 2007இல் தொடங்கிவைத்த வேலையை, ஐபிஎம் லினக்ஸ் டெக்னாலஜி சென்டரின் கே. பிரசாத் எடுத்து நடத்தினார். 2009இல் மான்ட்ரியாலில் நடந்த லினக்ஸ் சிம்போசியத்தில் இதைப் பற்றிக் கட்டுரையும் கொடுத்தார். ஃப்ரெடரிக் வைஸ்பெக்கர் அதைத் திருத்தி எழுத, 2010இல் வந்த 2.6.33 கெர்னலில் சேர்ந்தது. இன்றைக்கும் கெர்னல் சோர்ஸில் சாம்பிள்ஸ் என்ற ஃபோல்டருக்குள் பிரசாத் எழுதிய சின்ன மாட்யூல் ஒன்று இருக்கிறது. ஒரு கெர்னல் வேரியபிளின் பெயரைக் கொடுத்தால், அதில் யார் எழுதினாலும் ஸ்டாக் ட்ரேஸைக் கொட்டும்.

செத்த கெர்னலின் நினைவகத்தை அப்படியே சேமித்துத் தரும் கேடம்ப்பும் இப்படித்தான். எரிக் பீடர்மன்னின் கேஎக்ஸெக்கின் மேல் அதைக் கட்டியதில் ஐபிஎம் இந்தியாவிலிருந்த விவேக் கோயலுக்கும் ஹரிபிரசாத் நெல்லிதீர்த்தாவுக்கும் பெரிய பங்கு. 2005இல் 2.6.13 கெர்னலில் வந்தது. ஓடும் கெர்னலை நிறுத்திப் பார்க்கும் கேஜிடிபியைப் பல வருடம் கெர்னலுக்கு வெளியே உயிரோடு வைத்திருந்தவர்களில் முக்கியமானவர் அமித் காலே, புனேக்காரர். தனக்கு டீபக்கரே பிடிக்காது என்று லைனஸ் டோர்வால்ட்ஸ் 2000இல் பகிரங்கமாகச் சொல்லியிருந்தார். கேஜிடிபி மெயின்லைனுக்குள் நுழைய 2008, 2.6.26 கெர்னல் வரை ஆனது.

லைனஸ் சொன்னதிலும் விஷயம் இருக்கிறது. டீபக்கர் கையில் இருந்தால் யோசிக்காமல் அடிவைத்து அடிவைத்துப் போய் அறிகுறியை மட்டும் மூடிவிடும் பழக்கம் வரும். நல்ல ரகக் கிராஷுக்கு அவர் பேச்சு முழுக்கச் சரி, கோடைப் படித்தாலே போதும். கெட்ட ரகத்துக்குச் சரியில்லை. எந்தக் கோடைப் படிப்பது என்பதே அங்கே தெரியாதே!

வாட்ச்பாயின்ட்டும் சர்வரோக நிவாரணி அல்ல. எக்ஸ்86இல் நான்கே நான்கு, ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 8 பைட். சிப் தானே எழுதுவதை மட்டும்தான் அது பார்க்கும். ஒரு சாதனம் டிஎம்ஏ வழியாக நேராக ரேமில் எழுதினால் அதன் கண்ணில் படாது. அதற்கு ஐஓஎம்எம்யு வழியாகத்தான் வேலி போட வேண்டும். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு முகவரி சிதைந்தால் வாட்ச் எங்கே வைப்பது என்றே தெரியாது. அதனால்தான் வரிசை முக்கியம். முதலில் பல கிராஷ்களைச் சேர்த்து ஒப்பிடுங்கள். அடுத்து விஷம் வைத்து, சிதைந்த பைட் எது, எவ்வளவு மாறியது என்று பாருங்கள். கடைசியில்தான் வாட்ச். எங்கள் மோடம் விஷயத்தில் 6ஏ என்ற அந்த ஒரு பைட் இல்லாமல் வாட்ச் வைக்க இடம் தெரிந்திருக்காது.

களத்துக்குக் கருவி அனுப்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ரீபூட் ஆனால் சரியாகிவிடுகிறது என்று வாட்ச்டாக் டைமரை மட்டும் நம்பி விடாதீர்கள். சின்ன போர்டு என்றால் ராமூப்ஸ், பெரிய மெஷின் என்றால் கேடம்ப், இரண்டில் ஒன்றை முதல் நாளே போட்டு அனுப்புங்கள். சாட்சி இல்லாத கிராஷை எந்த டீபக்கராலும் விசாரிக்க முடியாது. வண்டி ஓட்டுகிற அண்ணனிடம் எப்போது விழுகிறது என்று கேட்டுவிட்டு லாகைத் திறங்கள்.

நாமக்கல், திருச்செங்கோடு, ராசிபுரம் பக்கம் இன்ஜினியரிங் படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒன்று. இதைக் கற்றுக்கொள்ள பெங்களூரு போக வேண்டாம், போர்டு வாங்க வேண்டாம். ஒரு லேப்டாப், கியூஎமு, ஜிடிபி, கெர்னல் சோர்ஸ், நான்கும் போதும். நினைவகத்தை வாங்கி, விடுவித்து, பிறகு வேண்டுமென்றே அதில் எழுதும் மாட்யூல் ஒன்றை எழுதுங்கள். முதலில் ஸ்லப் டீபக்கில் 6பி கலைவதைப் பாருங்கள், அப்புறம் கேசானில் பாருங்கள், கடைசியில் வாட்ச்பாயின்ட்டில் கையும் களவுமாகப் பிடியுங்கள். பிரசாத்தின் அந்தச் சாம்பிள் மாட்யூலையும் ஒரு தடவை வரி வரியாகப் படித்துவிடுங்கள்.